உளுந்து போட்ட வண்டி

சிவதாணு பிள்ளையின் காருக்குத் திருவனந்தபுரம் ஆரியசாலையில் இரண்டு பெயர் உண்டு. பிள்ளைக்கு முன்னால் எல்லோரும் மரியாதையாக ‘பிளசர்’ என்பார்கள். அவர் தலை அந்தப் பக்கம் திரும்பியதும் ‘சமோவர்’ என்பார்கள். சாயாக்கடை சமோவர் மாதிரி அதுவும் எந்நேரமும் ஆவி விட்டுக்கொண்டிருக்கும். சமதரையில் குழந்தை மாதிரி சமர்த்தாகப் போகும். ஒரு சின்ன ஏற்றம் வந்தால் போதும், முன்னால் இருக்கிற ரேடியேட்டர் மூடி தடதடவென்று ஆட ஆரம்பித்துவிடும். பிள்ளை வண்டியை ஓரங்கட்டி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யார் வீட்டுக் கிணற்றையாவது தேடிக் குடத்தோடு போவார். பார்க்கிறவர்களுக்கு நல்ல தமாஷ்.

வற்றல்மிளகாயும் மல்லியும் மொத்த வியாபாரம் அவருக்கு. கடை ஆரியசாலையில், வீடு வலியசாலையில், கூப்பிடு தூரம். மூட்டை ஏற்ற மாட்டுவண்டி உண்டு. பிறகு எதற்கய்யா கார் என்று கேட்டால், மாமனார் சொன்ன ஒரு வார்த்தைதான் காரணம். அது சாலைக்கடைத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த கதை.

மாமனார் குமரேச பிள்ளைக்கு நாஞ்சில்நாட்டில், நாகர்கோவில் பக்கம் தாழக்குடி. நெல்லும் வாழையும் உள்ள மனுஷன். வாய் மட்டும் கொஞ்சம் துடுக்கு. சுசீந்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சிவதாணு பிள்ளையும் சம்சாரம் சிவகாமியம்மாளும் பஸ்ஸில் போயிருந்தார்கள். பஸ்ஸில் பக்கத்தில் ஒருத்தி கருவாட்டுக் கடவப்பெட்டியோடு ஏறிவிட்டாள். சரிகை வேட்டியில் அந்த வாடை ஏறியதைப் பிள்ளை பந்தலில் உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார். மாமனாரோ அதற்கு முன்பே கவனித்துவிட்டார். ‘நம்ம மாப்பிள்ளைக்குத் திருவனந்தபுரத்துல பெரிய கடையின்னு பேரு. வாறது பாத்தா கருவாட்டு லோடோடல்லா எறங்குகாரு’ என்றார். பந்தலே சிரித்தது. சொன்னவர் அடுத்த நிமிஷமே மறந்து வெற்றிலை மடிக்கப் போய்விட்டார். கேட்டவரால் மறக்க முடியவில்லை. பாயசத்துக்கு முன்பே இலையை மடக்கிவிட்டு எழுந்த சிவதாணு பிள்ளை, இனிமேல் தாழக்குடி மண்ணில் கால் வைத்தால் சொந்த வண்டியிலிருந்துதான் இறங்குவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மலையில் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை சீமைக்குத் திரும்பும்போது விற்ற பழைய வண்டி அது. வாங்கியாயிற்று, ஓட்டவும் படித்தாயிற்று. ஆனால் தாழக்குடிக்குப் போகத்தான் நேரம் கூடவில்லை. முதலில் பெயிண்ட் அடிக்கணும் என்றார். பிறகு மெத்தை தைக்கணும் என்றார். எல்லாம் முடிந்தபோது கொதிப்பு ஆரம்பித்தது. சம்சாரத்தை மட்டும் பஸ்ஸில் அனுப்பி வையுமே என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். சிவகாமியம்மாள் தகப்பனைப் பார்த்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு தீபாவளி போயிற்று, இரண்டு பொங்கல் போயிற்று. அவள் கேட்டுக் கேட்டு, பிறகு கேட்பதையும் விட்டுவிட்டாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பங்குனிக் காலையில் தாழக்குடி நீலகண்டன் வந்தான். சாலைக்கடைக்கு வாழைக்குலை கொண்டுவருகிறவன். குலையைக் கடையில் இறக்கின கையோடு நேரே வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்றான். சிவகாமியம்மாள் அப்போது பிள்ளைக்குக் கஞ்சியும் காணத்துவையலும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“யக்கா, அப்பாவுக்குச் சொகமில்ல.”

“என்ன செய்யி?”

“முந்தாநாளே மூச்சிளைப்பு. வைத்தியரு வந்து கையைப் பிடிச்சுப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாரு. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே கிடக்காரு. உங்க தம்பி உடனே கூட்டிட்டு வரச் சொன்னான். நான் உச்சைக்கு, பன்னெண்டு மணி பஸ்ஸுக்குத் திரும்புகேன். வாறியளா, கூடவே போயிருவோம்.”

சிவகாமியம்மாள் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். சிவதாணு பிள்ளைக்கு நெஞ்சில் திக்கென்றது உண்மைதான். இல்லை என்று சொன்னால் பாவம். ஆனால் அந்தத் திக்கென்ற சத்தம் அடங்குவதற்குள்ளேயே தாழக்குடித் தெருவில் வண்டி திரும்புகிற காட்சியும் மனசுக்குள் வந்துவிட்டது. அந்த மனசை என்ன செய்வது!

“பஸ் எதுக்கு? வீட்டுல வண்டி நிக்கில்லா?” என்றார்.

“வண்டி கொதிக்குமே.”

“கொதிக்காமப் பண்ணுகேன். இண்ணைக்கு முழுக்க இருந்து ரேடியேட்டரைக் கழுவி எடுத்துட்டா, நாளைக்கு விடிய, வெளுப்பான்காலத்துல எடுத்தா, உச்சைக்கு முன்ன தாழக்குடி. என்ன பேச்சு பேசுக?”

“இப்பம் போனா இண்ணைக்கே பாத்திரலாமே. நீங்க வண்டியை நேராக்கிட்டு நாளைக்கு வாருங்கோ. நான் இவன் கூடப் போறேன்.”

“எம் பொண்டாட்டி வாழைக்குலைக்காரன் கூட வந்து எறங்கினான்னு உங்கப்பா அதுக்கு வேற ஒரு கதை கட்டுவாரு. உங்கப்பா உடம்பு தேக்குத்தடியாக்கும். மூச்சிளைப்பு எல்லாம் அவரை என்ன செய்யும்? ஒரு ராத்திரிதானே.”

நீலகண்டனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘அப்பம் நாளைக்கு வண்டியில வாறாங்கன்னு சொல்லிரட்டா?’ என்று கேட்டான். ‘சொல்லு, சொல்லு. நல்லாச் சொல்லு’ என்றார் பிள்ளை. சிவகாமியம்மாள் அவன் வாசல் படிப்புரை இறங்கித் தெருமுனை திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “சரி, என்ன செய்யணும்? சட்டுனு சொல்லுங்கோ” என்றாள்.

பக்கத்து வக்கீல் வீட்டு டிரைவர் சத்தியநேசனைக் கூப்பிடப் பிள்ளை ஆளனுப்பினார். நெய்யாற்றின்கரைக்காரன். வக்கீலைக் கோர்ட்டில் விட்டுவிட்டு வந்து, வண்டியின் மூக்கைத் திறந்து பார்த்தான்.

“துரு பிடிச்சு அடைஞ்சு கிடக்கு முதலாளி. கழுவினா சரியாகும். வீட்டுலயே செய்யலாம். பின்னே, இந்தக் கிணத்து வெள்ளம் வேண்டாம், உப்புக் கரிக்கும். கிள்ளியாத்து வெள்ளம் எடுங்க.”

அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேச்சு. கிள்ளியாறு வீட்டுப் பின்னாலேயே ஓடுகிறது. வேலைக்காரி செல்லபாயும் சிவகாமியம்மாளுமாக இடுப்பில் குடமும் தலையில் குடமுமாக ஏறி இறங்கினார்கள். பங்குனி வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. ஆற்றங்கரையில் துணி வெளுத்துக்கொண்டிருந்தவர்கள், பிள்ளைவாள் வீட்டம்மா எதற்கு இப்படித் தண்ணீர் சுமக்கிறாள் என்று வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் புறப்படலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. சாயங்காலமே புறப்பட்டுவிடலாம் என்றுகூட நினைத்தாள், பாவம்.

பிள்ளை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்து, ரேடியேட்டரின் அடித்திருகைத் திறந்தார். நீர் சிவந்து, பழைய புளிக்கரைசல் மாதிரி கொழகொழவென்று வந்து முற்றத்தில் பரவியது. அடுக்களையில் காய்ச்சிய வெந்நீரில் சலவைச்சோடாவைக் கரைத்து ஊற்றி, கைப்பிடியைப் போட்டுச் சுற்றி எஞ்சினை ஓடவிட்டார். சோடா நீர் உள்ளே ஓடி, சூடேறி, வயிறு பொருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நிறுத்தித் திறந்தால் இந்தத் தடவை கறுப்பு, அதற்குப் பின்னால் செதில் செதிலாகத் துரு. மேலேயும் கீழேயும் இருந்த ரப்பர் குழாய்களைக் கழற்றி, கீழ்வாயில் புனல் வைத்த நீளக் குழாயைச் செருகி, வாழைத்தார் கட்டுகிற ஏணியின் மேல் ஏறி நின்று செல்லபாய் குடம் குடமாக ஊற்ற, தண்ணீர் தலைகீழாக ஏறி மேல்வாய் வழியாகப் பொங்கி வழிந்தது. கலங்கல் தெளிந்து தெளிந்து, கடைசியில் குடிக்கிற தண்ணீர் மாதிரியே வந்துவிட்டது.

உள்ளதைச் சொல்லவேண்டும். அன்றைக்கு முழுக்கச் சிவதாணு பிள்ளை சந்தோஷமாக இருந்தார். மாமனார் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறார், சம்சாரம் வெயிலில் தண்ணீர் சுமக்கிறாள், இவர் முழங்கைவரை துருவோடு சீட்டியடிக்கிறார். பின்னால் அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் அவருக்கு நெஞ்சு வேகும்.

குழாய்களை மாட்டிக் கம்பியால் இறுக்கி, நிறைத்தார்கள். ‘நெறஞ்சாச்சு’ என்று பிள்ளை மூடியை எடுத்தார். சத்தியநேசன் கையைப் பிடித்தான்.

“நில்லுங்க முதலாளி. நெறஞ்ச மாதிரி காட்டும். உள்ளே காத்து அடைச்சுக் கிடக்கும். காத்து கிடந்தா வெள்ளம் சுத்தாது, பின்னெயும் கொதிக்கும். மூக்கை மேலே தூக்கி நிறுத்தணும்.”

தெருவிலிருந்து முற்றத்துக்கு ஏறுகிற சரிவில் எல்லோருமாகத் தள்ளி, முன்சக்கரம் மேலே இருக்கும்படி நிறுத்திக் கல் வைத்தார்கள். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை மெதுவாக ஓடவிட்டார்கள். ரேடியேட்டரின் வாயில் குமிழி குமிழியாகக் காற்று வெளியே வந்தது. வர வரத் தண்ணீர் உள்ளே இறங்கியது. இறங்க இறங்க, பிள்ளை சொம்பால் ஊற்றினார். சத்தியநேசன் மேல்குழாயைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டான். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ‘களுக்’ என்று ஒரு குமிழி வந்தது. பிள்ளை குத்தவைத்து உட்கார்ந்து ரேடியேட்டர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் குமிழி நின்று, தண்ணீர் அலுங்காமல் விளிம்பில் நின்றது.

“காத்து போச்சு. இனி பிரச்சனையில்ல” என்ற சத்தியநேசன் குனிந்து பார்த்துவிட்டு, “அய்யோ” என்றான்.

ரேடியேட்டரின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவன் விரலை வைத்துத் தடவிப் பார்த்தான்.

“இங்கன நாலஞ்சு ஓட்டை. இத்தனை நாளும் துருதான் அடைச்சிட்டு இருந்திருக்கு. நாம சுத்தமாக் கழுவினோமில்லா, தொறந்துட்டு.”

“இதுக்கு என்ன வழி?”

“கழத்திக் கொண்டுபோய் ஈயம் வைக்கணும். நாளைக்கு உச்சையாகும். ஒரு காரியம் பறயட்டா? கோவிக்கப்பிடாது. சாயங்காலம் ஒரு பஸ் உண்டு. அம்மையைக் கூட்டிட்டு அதுல போங்க.”

“வேற வழி சொல்லுடே.”

சத்தியநேசன் தலையைச் சொறிந்தான். “அவசரத்துக்கு முட்டை வெள்ளைக்கரு ஊத்துவாங்க. சூட்டுல இறுகி ஓட்டையை அடைச்சிரும். எங்க வீட்டுல கோழி உண்டு. ரெண்டு முட்டை கொண்டுவரட்டா?”

பிள்ளை காதைப் பொத்திக்கொள்ளாத குறை. சுத்த சைவக் குடும்பம். பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டு, சந்தனம் தொட்டு வைத்த வண்டி. அதன் வயிற்றுக்குள் முட்டையா? ஆவி அடித்தால் உட்கார்ந்திருக்கிறவர்கள் மேலெல்லாம் படுமே! ‘முட்டை இந்த முற்றத்துல ஏறப்பிடாது’ என்று சொல்லிவிட்டார். வக்கீலைக் கூட்டிவர நேரமாகிவிட்டதால் சத்தியநேசன் போய்விட்டான்.

பிள்ளை யோசித்தார். முட்டை என்ன செய்கிறது? சூட்டில் இறுகுகிறது, பிடிக்கிறது. நம்முடைய அடுக்களையில் பிடிக்கிற சாமான் கிடையாதா? உளுந்து இருக்கிறது. கட்டடத்துக்குச் சாந்து குழைக்கும்போது உளுந்து சேர்ப்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

“சிவகாமி, உளுந்து ஊறப்போட்டிருக்கியா?”

“தோசைக்குப் போட்டது இருக்கு. எதுக்கு?”

“வெண்ணெயா அரைச்சுக் கொண்டா.”

விஷயத்தைக் கேட்டதும் அவள் ஆட்டுரலில் வைத்த கையை எடுத்துவிட்டாள். “என்னது! கொதிக்கிற வெள்ளத்துல உளுந்தமாவு போட்டாக் களியாயிராதா?”

“இது அடுப்பில்ல, எஞ்சினாக்கும்.”

“சூடு சூடுதானே. அடுப்புக்கு ஒண்ணு, எஞ்சினுக்கு ஒண்ணா? வேண்டாம், கேட்டியளா. சாயங்காலம் பஸ் உண்டுன்னு அந்தாளு சொன்னான். எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்கு. போயிருவோம்.”

“உனக்கு எஞ்சினைப் பத்தி என்ன தெரியும்? அரைக்கச் சொன்னா அரை.”

அரைத்தாள். அழுதுகொண்டே அரைத்தாளா என்று கேட்டால், இல்லை. ஆட்டுரல் சுற்றுகிற வேகத்தில் கோபம் தெரிந்தது, அவ்வளவுதான். ஒரு கும்பா நிறைய மாவைக் கரைத்துப் பிள்ளை தன் கையாலேயே ஊற்றினார். கொஞ்சநேரம் எஞ்சினை ஓட்டிவிட்டுக் குனிந்து பார்த்தார். சொட்டு நின்றிருந்தது! ‘பாத்தியா? முட்டையாம் முட்டை!’ என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நாகர்கோவில் போகிற சாயங்கால பஸ்ஸின் ஹார்ன் கேட்டபோது, அவர் சொட்டு நின்ற இடத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் விடியப் புறப்பட்டார்கள். “நல்ல பட்டா உடுத்திக்க” என்றார் பிள்ளை. “நோய் பாக்கப் போறதுக்குப் பட்டா?” என்றாள். “எத்தனை நாள் கழிச்சுப் போறோம், அதுவும் வண்டியில. உங்கப்பா பாக்கண்டாமா?” என்றார். அவள் அரக்குப் பட்டை உடுத்திக்கொண்டாள். ஒரு துணிப்பையில் மாற்றுச் சேலையும், அப்பாவுக்குப் பிடித்த ஏத்தங்காய் உப்பேரி வறுவலும் எடுத்துக்கொண்டாள்.

காலைக் குளிரில் வண்டி அருமையாக ஓடியது. பலராமபுரத்தில் நெசவுக்காரர்கள் தெருவில் பாவு விரித்துக்கொண்டிருந்தார்கள். நெய்யாற்றின்கரை தாண்டியும் மூடி ஆடவில்லை. பாறசாலையில் கொஞ்சம் முக்கியது. பிள்ளை கவனிக்காத மாதிரி பாடிக்கொண்டு ஓட்டினார். குழித்துறைப் பாலம் கடந்து மார்த்தாண்டம் ஏற்றத்தில் பாதி ஏறியதும், உள்ளே யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி டொக் டொக் என்று கேட்டது. அடுத்தாற்போல் மூடி பறந்தது. வெள்ளை வெளேரென்று நுரை பொங்கி எஞ்சின் மூடியெல்லாம் வழிந்தது. வண்டி நின்றுவிட்டது.

ஊருக்கெல்லாம் தெரிகிற மாதிரி ஒரு வாசனை. நல்லெண்ணெயும் கருப்பட்டியும்தான் பாக்கி, அசல் உளுந்தங்களி.

சாயாக்கடையிலிருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். “பிள்ளைவாள், வண்டிக்குப் பிரசவமா? களியெல்லாம் கிண்டியாச்சே” என்றான் ஒருவன். பிள்ளை யாரையும் பார்க்காமல் அடித்திருகைத் திறந்தார். ஒரு சொட்டு வரவில்லை. ஈர்க்குச்சி விட்டுக் குத்தினால் நுனியில் கொழகொழவென்று ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த நேரத்தில்தான் நாகர்கோவில் பஸ் ஏற்றத்தில் முனகிக்கொண்டு வந்தது. கூட்டத்தைக் கண்டு நின்றது. கண்டக்டர் தலையை நீட்டி, “ஒரு ஆளுக்கு இடமுண்டு, ஆரு வாறது?” என்றான். சிவகாமியம்மாள் துணிப்பையைக் கையில் எடுத்துவிட்டாள். ஒரு காலைப் படியில் வைத்தும் விட்டாள்.

“நில்லு. தனியாப் போய் எறங்கப் போறியா?” என்றார் பிள்ளை.

“அப்பாவைப் பாக்கணும்.”

“வண்டி எங்கேன்னு உன் தம்பி கேப்பான். என்ன சொல்லுவ? களியாப் போச்சுன்னு சொல்லுவியா? கொஞ்சம் பொறு. இப்பம் சரியாக்கிருவேன். இந்த பஸ்ஸுக்கு முன்ன நாம போய்ச் சேருவோம்.”

அவள் அவரைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள். இத்தனை பேர் நடுவில் புருஷன் சொல்லைத் தட்டிவிட்டு ஏற அவளுக்கு வளர்ப்பு இல்லை. காலை எடுத்தாள். கண்டக்டர் மணியடித்தான்.

அதற்குப் பிறகு வந்த பஸ்கள் நிற்கவே இல்லை. பிள்ளை குழாய்களைக் கழற்றிக் குத்தினார், ஊதினார், வாயெல்லாம் மாவு. சிவகாமியம்மாள் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் வந்து குந்தினாள்.

“இப்படிக் குத்தினாப் போகாது. களி பிடிச்ச உருளியை எப்படிக் கழுவுவோம்? பச்சைவெள்ளம் ஊத்தி ஊறப்போடணும். ஊறட்டும்.”

எதிர்வீட்டுப் பெண்பிள்ளை ஒருத்தி குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். ஊற்றிவிட்டு, இருவரும் வண்டி நிழலில் உட்கார்ந்தார்கள். தார் இல்லாத ரோடு, செம்மண் புழுதி, அடுப்புக்கு எதிரில் உட்கார்ந்த மாதிரி வெயில். கொஞ்சம் ஊறினதும் குத்திக் கழுவினார்கள். மறுபடி ஊற்றி மறுபடி காத்திருந்தார்கள். நிழல் காலுக்குள் சுருங்கி, பிறகு அந்தப் பக்கம் நீளத் தொடங்கியது.

“உன்னைப் பஸ்ஸுல விட்டிருக்கலாம்” என்றார் சிவதாணு பிள்ளை.

“ஆமா. விட்டிருக்கலாம்” என்றாள் சிவகாமியம்மாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கடைசியில் அடைப்பு விட்டது. நிறைத்து, ஏற்றத்திலேயே நின்றிருந்ததால் காற்றையும் எளிதாக எடுத்து, ஓட்டை வழியாக ஒழுக ஒழுக, வழியில் கண்ட குளத்திலெல்லாம் மொண்டு ஊற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

தாழக்குடித் தெருவில் வண்டி திரும்பியது. அவர் ஆசைப்பட்டபடியே தெரு முழுக்கத் திரும்பி வண்டியைப் பார்த்தது. மாமனார் வீட்டு முன்னால் பச்சை ஓலைப் பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்கு அடியில் ஆண்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சிவகாமியம்மாள் வண்டி நிற்பதற்கு முன்பே கதவைத் திறந்துகொண்டு இறங்கி, ‘யப்பா’ என்று ஒரு சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அவளுடைய தம்பி பகவதிப்பெருமாள் கண் சிவந்து வந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டான்.

“உச்சைக்குத்தான் உயிரு போச்சு அத்தான். நேத்து நீலகண்டன் வந்து, நாளைக்கு மாப்பிள்ளை சொந்த வண்டியில வாறாருன்னு சொன்னான். அப்பாவுக்கு இருந்த சந்தோஷம்! ‘வண்டியிலயா வாறாரு? மாப்பிள்ளை முதமுதல்ல வண்டியில வந்து எறங்கும்போ நான் படுத்துக் கிடந்தா நல்லாவா இருக்கும்’னு சொல்லி, இண்ணைக்கு வெளுப்புக்கே பிடிச்சு எழுப்பி உட்காத்தச் சொன்னாரு. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னோம். கேக்கல்ல. சால்வையைப் போத்திக்கிட்டு வாசல்ல நாற்காலியில இருந்தாரு. ஹார்ன் கேக்கா, ஹார்ன் கேக்கான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.”

சிவதாணு பிள்ளை திரும்பி வண்டியைப் பார்த்தார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே பெண்கள் மாரடித்து அழுகிற சத்தம் ஓய்ந்து, ஒரு குரல் மட்டும் தனியாகக் கேட்டது. செத்தவருடைய தங்கை பாகீரதி அத்தை.

“விடியப் புறப்பட்டவளுக்கு வந்துசேர இந்த நேரமாடீ? வழியில என்ன செய்தே?”

பிள்ளை பந்தல் காலை விட்டுவிட்டு வாசலுக்கு வந்தார். நிலைப்படிக்கு இப்பால்தான் நின்றார். எல்லாம் கேட்டது.

“விடிய எங்கே புறப்பட்டோம் அத்தை?” சிவகாமியம்மாளின் குரல் அழுகையில் அடைத்திருந்தது. “வண்டிக்கு ஒண்ணுமில்ல. அது நல்லா ஓடிச்சு. அவரு விடிய முதல் ஹார்ன் அடிச்சுக்கிட்டே நின்னாரு. நாந்தான், உடுத்து ஒருங்கிப் புறப்பட நேரமாக்கிட்டேன்.”

“பட்டு உடுத்தியில்லா! பாத்தா தெரியுதே!” என்று கத்தினாள் பாகீரதி. “பெத்த தகப்பன் சாகக் கிடக்கான், இவ கண்ணாடி முன்னால நின்னு சிங்காரிச்சிருக்கா! ஏ பாவி! ஒன்னையா அண்ணன் வாசல்ல உட்காந்து தேடினான்?”

மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் தகப்பன் காலடியில் தலையைக் குனிந்துகொண்டாள். சிவதாணு பிள்ளை நிலைப்படியைத் தாண்டி உள்ளே ஒரு காலை வைத்தார். ‘அவ இல்லை, நான்தான்’ என்று சொல்ல வாயைத் திறந்தார். கூட்டம் முழுக்க அவரைப் பார்த்தது. மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். அவர் திறந்த வாயை மேல்துண்டால் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அழுகையும் வந்தது, அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

வாய்க்கரிசி போட்டார்கள். பொழுது சாய்வதற்குள் எடுத்துக்கொண்டு போனார்கள். சுடுகாட்டிலிருந்து ஆண்களெல்லாம் குளத்துக்கு வந்து முங்கினார்கள். வயல் பக்கமிருந்து காற்று வந்தது. ஈர வேட்டியோடு படித்துறையில் நின்ற சிவதாணு பிள்ளையிடம் பகவதிப்பெருமாள் மெதுவாக வந்து நின்றான்.

“அத்தான், ஒரு காரியம் சொல்லுகேன். தப்பா நினைக்காண்டாம்.”

“சொல்லு பெருமாளு.”

“ஊருக்குத் திரும்பிப் போனதுக்குப் பொறவு அக்காவை ஒண்ணும் சொல்லாதீங்க. பொம்பளைங்க புறப்பட நேரமாகும்தான், அது நமக்குத் தெரிஞ்ச காரியம்லா. நீங்க எவ்வளவு ஆசையா வண்டியை ஒருக்கி எடுத்துட்டு வந்தியளோ! உங்களுக்குக் கோவம் இருக்கும். எங்களுக்கும் இருக்கு. ஆனாலும் அவ சின்ன வயசுல இருந்தே அப்படித்தான். அப்பாவை நினைச்சு அவளை மன்னிச்சிருங்கோ.”

சொல்லிவிடலாம். படித்துறையில் வேறு யாரும் பக்கத்தில் இல்லை. கேட்கிறவன் மச்சினன் ஒருவன்தான், அவனும் நல்லவன். சிவதாணு பிள்ளை துண்டைப் பிழிந்தார், மறுபடியும் நனைத்துப் பிழிந்தார்.

“நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்” என்றார்.

“உங்களுக்குப் பெரிய மனசு அத்தான்” என்றான் பகவதிப்பெருமாள். அவருடைய கையிலிருந்த துண்டை வாங்கி, அவனே அவர் முதுகைத் துவட்டிவிட்டான்.